"ஓரிரு இடங்களில்" என்றால் எத்தனை இடங்களில்?

வாசகர் கேள்வி, அக்டோபர் 6

"ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்." எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே வரிதான். பெய்தால் "அப்போதே சொன்னோமே" என்பார்கள். பெய்யாவிட்டால் "ஓரிரு இடங்களில் என்றுதானே சொன்னோம்" என்பார்கள். எப்படிப் போனாலும் மாட்டிக்கொள்ளாத ஒரு வரியை எழுதுவதற்கு எதற்கு இத்தனை ரேடார், இத்தனை செயற்கைக்கோள்?

அக்டோபர் 6, இரவு

அது மாட்டிக்கொள்ளும் வரிதான். எண்ணிக்கை தெரியாததால் நழுவுகிற மாதிரி இருக்கிறது.

வானிலை அறிக்கை சொல்கிற பகுதிக்குள் இருக்கும் மழைமானி நிலையங்களில் எத்தனை சதவீதத்தில் குறைந்தது 2.5 மி.மீ. மழை பதிவாகும் என்பதுதான் கணக்கு. 25 சதவீதம் வரை என்றால் "ஓரிரு இடங்களில்". 26 முதல் 50 வரை "ஒரு சில இடங்களில்". 51 முதல் 75 வரை "அநேக இடங்களில்". அதற்கு மேல் "பெரும்பாலான இடங்களில்". 20 நிலையங்கள் இருக்கும் பகுதிக்கு "ஓரிரு" என்றால் ஐந்து நிலையம் வரை. மறுநாள் ஏழு நிலையத்தில் பெய்திருந்தால் அறிக்கை தப்பு. யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம், நிலையவாரியான அளவை வானிலை ஆய்வு மையமே தினமும் வெளியிடுகிறது.

அக்டோபர் 7

மழையின் பெயர்களுக்கும் இதே மாதிரி எல்லை உண்டு. 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை. 64.5 தொட்டால் கனமழை. 115.6 முதல் மிக கனமழை. 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. தொலைக்காட்சியில் "கனமழை கொட்டித் தீர்த்தது" என்கிறார்களே, அதில் பாதி நாள் மிதமான மழைதான். அரை மணி நேரத்தில் 40 மி.மீ. கொட்டித் தெருவே மூழ்கினாலும், அந்த நாளின் மொத்தம் 40 தான் என்றால் ஏட்டில் அது மிதமான மழை. எனக்கு இது உறுத்துகிற இடம். பிறகு வருகிறேன்.

அக்டோபர் 7, மாலை

"நேற்று பெய்த மழையை இன்றைய தேதியில் போட்டிருக்கிறார்களே, தேதிகூடத் தெரியாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மழை நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை ஒரு நாள். முடிகிற தேதிதான் பதிவுத் தேதி. அதனால் திங்கள் சாயங்கால மழை செவ்வாய்க் கணக்கில் ஏறும்.

அதென்ன 8.30? கிரீன்விச் நேரப்படி காலை 3 மணி நமக்கு 8.30. உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் கிரீன்விச் நேரத்தை வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்துக் குறிக்கின்றன. வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை, வேகம், ஈரப்பதம், எந்த வகை மேகம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, எல்லாம். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் பார்த்தால் அவற்றை ஒரே வரைபடத்தில் வைக்க முடியாது.

அக்டோபர் 9

நான் வானிலைத் துறைக்காரன் இல்லை. ஆறு வருடமாக வீட்டில் மழைமானி வைத்து அளக்கிறேன், அவ்வளவுதான். வாய் 200 சதுர செ.மீ. உள்ள ஃபைபர் மழைமானி. எப்படி அளப்பது என்று கேட்டதால் எழுதுகிறேன்.

8.25-க்கு வெளியே போவேன். மேல் புனலைத் திருகிக் கழற்றினால் உள்ளே பாட்டில். அதை எடுத்து அளவுக் கண்ணாடியில் நிதானமாக ஊற்ற வேண்டும். ஒரு சொட்டு விரலில் வழிந்தாலும் கணக்குக் கெடும். கண்ணாடியைச் சமதளத்தில் வைத்து, கண் தண்ணீர் மட்டத்துக்கு வரும்படி குனிந்து பார்க்க வேண்டும். நின்றபடி பார்த்தால் கோடு ஏமாற்றும். தண்ணீர் கண்ணாடியின் ஓரத்தில் கொஞ்சம் ஏறி நடுவில் பள்ளமாக நிற்கும். அந்தப் பள்ளத்தின் அடிதான் அளவு. கண்ணாடி கொள்ளவில்லை என்றால் இரண்டு மூன்று தடவையாக ஊற்றிக் கூட்டிக்கொள்வேன். 8.30-க்கு மழை பெய்துகொண்டிருந்தால் காலி பாட்டில் ஒன்றை உடனே உள்ளே வைத்துவிட்டு, எடுத்ததை வீட்டுக்குள் கொண்டுபோய் அளப்பேன்.

என் மானியில் 1 மி.மீ. மழைக்கு 20 மில்லி தண்ணீர் சேரும். பாட்டில் 4 லிட்டர், அதாவது 200 மி.மீ. அதி கனமழை என்ற பெயர் தொடங்குகிற இடத்தில் என் பாட்டில் நிரம்பிவிடும். 2023 டிசம்பர் 18 காலை 8.30-உடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 செ.மீ. என் மானி அங்கே இருந்திருந்தால் 19 லிட்டர் வந்திருக்கும். அந்தச் செய்தியைப் படித்த அன்று காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 12, திருத்தம்

மேலே சொன்னதில் ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் மூன்று வருடம் என் மானி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த அளவுகளை வைத்து "பக்கத்து நிலையத்தில் கூட்டிப் போடுகிறார்கள்" என்று இங்கேயே ஒருமுறை எழுதியிருக்கிறேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

மானியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். மாடியில் காற்று வேகம் அதிகம். மானியின் வாய்க்கு மேலே காற்று சுழன்று சொட்டுகளை அப்பால் தள்ளிவிடும், அளவு குறையும். தொட்டி வேறு ஒரு பக்கத்து மழையை மறைத்துவிட்டது. தோட்டத்துக்கு மாற்றிய பிறகு என் அளவும் அந்த நிலையத்தின் அளவும் பெரும்பாலும் ஒட்டிப் போகின்றன.

எல்லா நிலையமும் சரியாக இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ஓர் அலுவலக வளாகத்தில் வேப்பங்கிளை மானிக்கு நேர் மேலே நீண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மழை நின்ற பிறகும் இலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மரம் ஒரே நாளில் வளரவில்லை. அந்த எண்ணிலிருந்துதான் வறட்சிக் கணக்கும் வெள்ளக் கணக்கும் எழுதப்படுகின்றன என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அக்டோபர் 15

எச்சரிக்கை நிறங்கள் பற்றிக் கேட்டவருக்கு: பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள், கவனமாக இரு. ஆரஞ்சு, தயாராக இரு. சிவப்பு, செயல்படு. கனமழைக்கு மஞ்சள், மிக கனமழைக்கு ஆரஞ்சு, அதி கனமழைக்குச் சிவப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 16

நேற்று எழுதியதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். நிறம் மி.மீ.-க்கு நேரடியாக ஒட்டிய வண்ணம் கிடையாது. எவ்வளவு பெய்யும், அது நடக்க வாய்ப்பு எவ்வளவு, பெய்தால் தரையில் என்ன பாதிப்பு, மூன்றையும் சேர்த்துப் பார்த்து நிறம் முடிவாகிறது. ஏற்கெனவே ஊறிப்போன மண்ணில் இன்னொரு மிக கனமழை என்றால் அதன் பாதிப்பே வேறு.

"ரெட் அலர்ட் விட்டு வெயில் அடித்ததே" என்று 2024 அக்டோபர் 16-ஐத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தது, அன்று எதிர்பார்த்த மழை வரவில்லை, உண்மைதான். தாழ்வு மண்டலம் மறுநாள் அதிகாலை சென்னைக்கு வடக்கே கரை கடந்தது. கடலோரத்தில் மழைப்பட்டை சில பத்து கி.மீ. நகர்ந்தால் போதும், ஒரு நகரம் தப்பிக்கும், இன்னொன்று நனையும். மேம்பாலத்தில் கார்களை நிறுத்தியவர்களைப் பலர் கிண்டல் செய்தார்கள். 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு வெள்ளத்தை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். அவர்கள் செய்தது சரி. சிவப்பு என்றால் செயல்படு, அவர்கள் செயல்பட்டார்கள்.

அக்டோபர் 22

எதற்கு ரேடார், எதற்குச் செயற்கைக்கோள் என்ற முதல் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.

மழைமானி நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். அதுவும் தரையில். வானிலை நடப்பது மேலே. அதனால் நாளுக்கு இரண்டு தடவை, கிரீன்விச் 0 மணிக்கும் 12 மணிக்கும் கணக்காக, நமக்குக் காலை 5.30, மாலை 5.30, பலூன் விடுகிறார்கள். கீழே சின்னப் பெட்டி தொங்கும். ஏற ஏற வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் மூன்றையும் வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே போகும். அது நகரும் திசையை வைத்துக் காற்றைக் கணக்கிடுவார்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து பலூன் ஊதிப் பெரிதாகும். சுமார் 30 கி.மீ. உயரத்தில் வெடிக்கும். மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் இது அன்றாட வேலை. எந்த உயரத்தில் ஈரம் இருக்கிறது, எங்கே காற்று திசை மாறுகிறது என்று இது இல்லாமல் தெரியாது.

டாப்ளர் ரேடார் சொட்டுகளில் பட்டுத் திரும்பும் அலையைப் பிடிக்கிறது. எங்கே மழை, எவ்வளவு அடர்த்தி, ரேடாரை நோக்கி வருகிறதா விலகுகிறதா எல்லாம் தெரியும். ஆனால் பூமி வளைந்திருக்கிறது. அலைக்கற்றை நேராகப் போகப் போகத் தரையைவிட்டு மேலே ஏறிவிடும். 200 கி.மீ. தூரத்தில், மிகத் தாழ்வாக விட்ட கற்றைகூட ஏறத்தாழ 4 கி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே பெய்வது ரேடாருக்குத் தெரியாது. ரேடார் படத்தில் ஒன்றும் இல்லாமல் வீட்டு வாசலில் தூறினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கடலில் மானி வைக்க ஆள் இல்லை. கப்பல்கள், மிதவைகள் சில. மற்றபடி 36,000 கி.மீ. உயரத்திலிருந்து இன்சாட் செயற்கைக்கோள் பார்ப்பதுதான். கடைசியாக இன்சாட்-3டிஎஸ், 2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. நமக்கு வடகிழக்குப் பருவமழை வங்கக்கடலிலிருந்து வருகிறது. அளவெடுக்க மிகக் கடினமான இடத்திலிருந்துதான் நம் மழை வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு திட்டினால் நல்லது.

அக்டோபர் 23

இதெல்லாம் ஒன்று சேர்ந்து கணினி மாடலுக்குள் போகிறது. மாடல் வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றும் ஈரமும் அடுத்த சில நிமிடங்களில் என்ன ஆகும் என்று கணக்கிட்டு, அதன் மேல் மீண்டும் கணக்கிட்டு, பத்து நாள் வரை நகர்த்துகிறது. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் ஒரு கட்டம் 6 கி.மீ. அதற்கு முன் 12.

இடிமழை மேகம் ஒன்று சில கி.மீ. அகலம்தான். ஒரு கட்டத்துக்குள்ளேயே பிறந்து, கொட்டி, ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். போன மாதம் ஒரு மாலை என் தோட்டத்தில் 38 மி.மீ. மூன்று கி.மீ. தள்ளி இருக்கும் நண்பர் வீட்டு மானியில் 4. இந்த மாதிரி மழைக்கு "ஓரிரு இடங்களில்" என்பதைவிட நேர்மையான வரி எனக்குத் தோன்றவில்லை. எந்த இடம் என்பது மேகம் எழும்பிய பிறகுதான் ரேடாரில் தெரியும். அதற்காகத்தான் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பு தனியாக வருகிறது. சாயங்கால மழைக்குக் காலை அறிக்கையைப் பார்க்காதீர்கள், அதைப் பாருங்கள்.

நவம்பர் 3

தாழ்வுப் பகுதியும் தாழ்வு மண்டலமும் ஒன்றில்லை. சுழலும் காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.-க்குக் கீழ் இருந்தால் பகுதி. 31 முதல் 49 வரை மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல், அப்போதுதான் பெயர். 89-லிருந்து தீவிரப் புயல், 118-லிருந்து மிகத் தீவிரப் புயல்.

வெளிநாட்டுத் தளங்களில் வேறு எண் வருகிறதே என்பவருக்கு: இங்கே மூன்று நிமிடக் காற்றின் சராசரி. அமெரிக்காவில் ஒரு நிமிடச் சராசரி. குறுகிய நேரச் சராசரி எடுத்தால் எண் கூடுதலாகத்தான் வரும்.

அப்புறம் ஒன்று. இந்த ஏணி காற்றுக்கு மட்டும். மழைக்கு இல்லை. காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்த அன்று புயல் எதுவும் இல்லை, வளிமண்டலச் சுழற்சிதான். "புயல் இல்லையாம்" என்று நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள்.

நவம்பர் 5

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றி இங்கே ஒருவர் "9-ம் எண் வந்துவிட்டது, 8-ஐவிட மோசம்" என்று எழுதியிருக்கிறார். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தேன். என் பெரியப்பா ஒரு துறைமுகத்தில் கூண்டு ஏற்றும் வேலையில் இருந்தார். அவர் சொல்லித்தான் தெளிந்தது.

1, 2 தூரத்தில் கடலில் ஏதோ இருக்கிறது என்பதற்கு. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரும் என்பதற்கு. 5, 6, 7 ஒரு தொகுதி. 8, 9, 10 இன்னொரு தொகுதி, இன்னும் பலமான புயலுக்கு. ஒரு தொகுதிக்குள் எண் சொல்வது பலத்தை இல்லை, பக்கத்தை. 5-ம் 8-ம் என்றால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம். 6-ம் 9-ம் என்றால் வலப்பக்கம். 7-ம் 10-ம் என்றால் புயல் துறைமுகத்தின் மேலேயோ ஒட்டியோ கடக்கும். 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது.

பகலில் கறுப்புக் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். நனைந்த கயிறு உள்ளங்கையைத் தோலுரிக்கும் என்பார் பெரியப்பா. கூம்பு காற்றில் ஆடி கம்பத்தில் மோதுகிற சத்தம் அவருக்குக் கடைசி வரை காதில் இருந்தது. தன் வேலைக்காலத்தில் 11 ஏற்றியதே இல்லை என்று நிம்மதியோடு சொல்வார்.

நவம்பர் 6

வாசகர் ஒருவர் மடக்கியிருக்கிறார்: "வலப்பக்கம் என்றால் காற்று அதிகம்தானே? அப்போது 9 என்பது 8-ஐவிட மோசம் என்று சொன்னது சரிதானே?" நல்ல கேள்வி. நம் பக்கத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து மேற்கே வரும் புயலுக்கு வலப்பக்கம் வடக்கு. அங்கே சுழலும் காற்றும் புயல் நகரும் வேகமும் ஒரே திசையில் கூடும், கடல்நீரைக் கரைமேல் தள்ளும். தெற்கே காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். ஆகவே அந்த ஒரு பொருளில் அவர் சொன்னது சரி, நான் நேற்று அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் எண் தருவது இடம் பற்றிய தகவல்தான். கப்பலின் மாலுமிக்குத் தேவை காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது.

நவம்பர் 14

அக்டோபர் 7-ல் உறுத்துகிறது என்று சொல்லி விட்டதற்கு வருகிறேன்.

முதல் கேள்வியைக் கேட்டு இந்த இழையைத் தொடங்கியவரிடம் வரிக்கு வரி வாதாடிக்கொண்டிருந்தேன். ஒன்றில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அறிக்கையின் சொற்கள் எல்லாம் அளவுக்குரியவை, சரி. ஆனால் அந்த அளவு மக்களுக்குப் போய்ச் சேரவில்லை. "ஓரிரு" என்பதற்கு 25 சதவீதம் என்று பொருள் வைத்துக்கொண்டு மக்கள் அன்றாடம் பேசும் தமிழில் அதைச் சொன்னால், கேட்பவர் "ஏதோ ஒன்றிரண்டு இடம்" என்றுதான் எடுத்துக்கொள்வார். அறிக்கையைச் சொல்லும்போது கூடவே நாலு வரி விளக்கம் சொன்னால் போதும். 24 மணி நேரக் கணக்கும் அப்படித்தான். தெருவில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு என்பதுதான் வேண்டும். தானியங்கி நிலையங்கள் அதைத் தருகின்றன. அன்றாட அறிக்கையில் மழையின் பெயர்தான் இன்னும் 24 மணி நேரக் கணக்கில் நிற்கிறது. நான் இதை அவர்களுக்கு எழுதப் போகிறேன், உங்களில் யாராவது சேர்ந்து எழுதினால் நன்றாக இருக்கும்.

நவம்பர் 29

ஃபெஞ்சல் நினைவுக்கு வருகிறது. 2024-ல் இதே நாட்களில் புயலாகும் என்றார்கள். ஆகவில்லை. ஆகாமலே கரைக்கு வரலாம் என்றார்கள். 29-ம் தேதி புயலாகிவிட்டது. 30-ம் தேதி புதுச்சேரி பக்கம் கரையேறி, கிளம்பாமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. மயிலத்தில் 50 செ.மீ.-க்கு மேல் மழை. அறிக்கை மாற மாற நான் கோபப்பட்டேன். இப்போது பார்த்தால், புதுத் தகவல் வந்ததும் மாற்றிச் சொன்னார்கள், ஒளிக்கவில்லை. மூன்று நாள் முந்தைய வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து முடிவெடுத்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அறிக்கையில் முதலில் வெளியிட்ட நேரத்தைப் பாருங்கள்.

டிசம்பர் 2, காலை 8.50

நேற்றைய அறிக்கை: ஒரு சில இடங்களில் லேசானது முதல் மிதமான மழை. இன்று என் தோட்டத்தில் 11.2 மி.மீ. நண்பர் வீட்டில் 9. இழையைத் தொடங்கியவரும் போன வாரம் மழைமானி வாங்கிவிட்டார், அவர் வீட்டில் பூஜ்யம் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். படத்தைப் பார்த்தேன். மதில் சுவரை ஒட்டி வைத்திருக்கிறார். சுவர் ஐந்தடி என்றால் பத்தடி தள்ளி வையுங்கள். நாளை காலை 8.30-க்கு மறுபடி பார்ப்போம்.